குறை நீக்கும் உரிமம்

எனக்குத் தீங்கு செய்தவர்களின் வரிசையில் முதல் பெயர் கோமதிநாயகம். எங்கள் நகராட்சியின் சுகாதாரப் பிரிவில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து தொழில் உரிமங்களைத் தட்டச்சு செய்கிற எழுத்தர். அவருக்குப் பிறகும் நாலைந்து பேர் உண்டு, கல்யாண மண்டபத்து முதலாளியும் அதில் சேர்த்தி, ஆனால் முதலாளி செத்துப்போனார், மற்றவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். கோமதிநாயகம் இங்கேயே இருக்கிறார். தினமும் காலையில் ஸ்கூட்டரில் என் வீட்டைத் தாண்டிப் போகிறார், என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பில் ஒரு கள்ளமும் இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் ஐந்தாவதுவரை படித்தவன், பெயர் சொரிமுத்து. இருபத்தாறு வருடம் அந்தக் கல்யாண மண்டபத்தில் தரை கழுவினேன். வாழைக்கறை, வெற்றிலை எச்சில், குழாயடித் துரு, சந்தனம், பாயசம் சிந்திக் காய்ந்த கறுப்பு என்று எந்தக் கறைக்கு எது மருந்து என்பது என் கைக்குத் தெரியும். எலுமிச்சை எங்கே போதும், சோடா உப்பு எங்கே வேண்டும், ஆசிட்டில் எத்தனை பங்கு தண்ணீர் விட்டால் மொசைக் தரை பொரியாது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

எனக்கு ஒரு மகள் இருந்தாள். உலகம்மாள், கூப்பிடுவது உலகு. ஒன்பது வயதில் அவளுக்குக் காய்ச்சல் மண்டைக்கு ஏறி ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று, என் மனைவி பூரணம் மண்டபத்துக்கு ஆள் அனுப்பினாள். சாயங்காலம் இன்னொரு கல்யாணத்தின் வரவேற்பு இருந்தது. “கூடத்தைக் கழுவிட்டுப் போவே, ஓடியா போயிரப் போகுது ஆஸ்பத்திரி” என்றார் முதலாளி. கழுவிவிட்டுப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டில் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து பத்தொன்பது வருடம், பூரணம் என் தட்டில் சோறு வைக்கும்போதெல்லாம் ஒரே ஒரு சொல் சொல்வாள். “அன்னைக்கும் மண்டபத்தைக் கழுவிட்டுத்தான வந்தீக.” சத்தம் போட்டுச் சொல்ல மாட்டாள், உப்பு போதுமா என்று கேட்கிற குரல்தான். நான் சாப்பிடுவேன். முதலாளி செத்து மண்டபத்தை விற்றபோது, இனி யாரும் என்னை நிறுத்திவைக்க முடியாத ஒரு தொழிலை என் பெயரில் நடத்த வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு உரிமம் வேண்டும் என்றார்கள், போனேன். நான் வாடகைக்குப் பிடித்த ஒற்றை அறைக்குக் கட்டடக்காரரின் சம்மதக் கடிதம் முத்திரைத்தாளில் வேண்டும் என்றார்கள், கொண்டுபோனேன். அந்தக் கட்டடத்தின் சொத்துவரி ரசீது வேண்டும் என்றார்கள், அவர் மூன்று வருடமாகக் கட்டாததால் அவர் கட்டும்வரை காத்துக் கிடந்து கொண்டுபோனேன். இடப்பக்கத்துக் கடைக்காரரும் வலப்பக்கத்துக் கடைக்காரரும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும் என்றார்கள், வலப்பக்கம் கடையே இல்லை, வேலிக்கருவை முள்தான் நின்றது, ஆகவே வலப்பக்கம் கடை இல்லை என்பதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்று வாங்கிக் கொண்டுபோனேன். ஆசிட் வைத்துக்கொள்வதால் தீயணைப்பு நிலையத்தில் தடையில்லாச் சான்று, அடுத்தவர் வீட்டுக்குள் போகிறவன் என்பதால் காவல் நிலையத்தில் நன்னடத்தைச் சான்று, கூலிக்கு ஆள் வைக்கவில்லை என்பதற்குத் தொழிலாளர் அலுவலகத்தில் உறுதிமொழி, அத்தனையையும் இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன், ஏற்றியதைத் தாளில் எடுத்து நேரில் கொண்டுவரச் சொன்னார்கள், கொண்டுபோனேன். நகராட்சி மாடிக்கு இருபத்திரண்டு படி. பதினோரு மாதம் ஏறினேன்.

கடைசியில் ஒருநாள் கோமதிநாயகம் விரல்களைச் சொடுக்கிவிட்டு, “தொழில் என்னன்னு போட, அண்ணாச்சி?” என்றார்.

“கறை நீக்குறது, சார்.”

“துப்புரவுன்னு போட்டுருதேன். பட்டியல்ல அதான் இருக்கு.”

“துப்புரவு எல்லாரும் செய்யுதது. நான் கறை எடுக்குறவன்.”

“ரெண்டுக்கும் வெளக்குமாறு ஒண்ணுதானவே.”

“வெளக்குமாறால கறை போவாது, சார். அதுக்குத்தான் நான்.”

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கோமதிநாயகமும் சிரித்துக்கொண்டே தட்டினார். மறுவாரம் முத்திரை வைத்துக் கையில் கொடுத்த உரிமத்தை நான் படி இறங்கி வந்து வெயிலில் பிடித்துப் படித்தேன். மெதுவாகத்தான் படிப்பேன். ‘குறை நீக்கும் தொழில்’ என்று இருந்தது. ‘கறை’யின் கானாவுக்கு அடியில் ஒரு சுழி சேர்ந்து குனா ஆகியிருந்தது.

திரும்ப இருபத்திரண்டு படி ஏறிப் போய்க் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார். “ஒரு சுழிதான, அண்ணாச்சி. எவன் இதை உத்துப் பாக்கப்போறான்? திருத்தணும்னா முதல்லேர்ந்து மனு போடணும். அந்த வேலிக்கருவைக்குக்கூட மறுபடி சான்று வாங்கணும்.”

தப்பு நடந்துபோச்சு என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன். சொல்லவில்லை. உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன், மாட்டாவிட்டால் அபராதம்.

முதல் வேலை எஸ்தர் டீச்சர் வீட்டில். ஓய்வுபெற்றவர், தனியாக இருந்தார், பீரோவை நகர்த்தியதில் தரையில் நாலு துருக்கறை. காலையில் தொடங்கி மத்தியானம்வரை எலுமிச்சையும் உப்பும் ஆசிட்டும் போட்டுத் தேய்த்தேன், மாப்பால் துடைத்தேன், கறை இம்மி அசையவில்லை. என் இருபத்தாறு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. வெட்கத்தோடு வாளியைத் தூக்கினேன், நான் கொண்டுவந்தபோது இருந்ததைப்போல ஒன்றரை மடங்கு கனத்தது. டீச்சர் சமையலறையிலிருந்து ஈரத்தரையில் வெறுங்காலோடு நடந்து வந்தார். கறையைப் பார்த்தார். “இருந்துட்டுப் போகுது” என்று சொல்லிவிட்டு, முப்பது வருடமாகப் பேசாத தங்கைக்குப் போன் போட்டு, “ஏட்டி, மீன் வாங்கியிருக்கேன், வாரியா?” என்றார்.

இப்படித்தான் தொடங்கியது. கறை தரையிலேயே கிடந்தது, ஈரத்தில் நடந்தவர் மனசிலிருந்த குறை போயிருந்தது. ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், கேஸ் சிலிண்டர் வந்ததை எப்படி எடுத்துக்கொண்டதோ அப்படி. முதல் வாரம் பேசினார்கள், இரண்டாவது வாரம் வரிசையில் நின்றார்கள், மூன்றாவது வாரம் எனக்கே முறை சொல்லித்தந்தார்கள். காஜா மைதீனின் டீக்கடையில் வைத்துச் சட்டதிட்டங்கள் உண்டாயின. செருப்புக் காலுக்குப் பலிக்காது, வெறுங்கால் படவேண்டும். தரை காய்வதற்குள் நடக்க வேண்டும். ஒரு சதுரம் போதும், கூடம் முழுக்கத் தேவையில்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய வருகிறவர்களை, முதலில் சொரிமுத்தண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காலை நனைத்துவிட்டு வாருங்கள் என்று பத்திர எழுத்தர்களே திருப்பி அனுப்பினார்கள். பெண் பார்க்கப் போகிற வீட்டில் மாப்பிள்ளைக் கூட்டம் வருவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார்கள், காபியில் சர்க்கரை இல்லாவிட்டாலும் சம்பந்தம் முடிந்தது. கோயில்காரர்கள் இது கோயில் வேலை என்றார்கள், சர்ச்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைப் பேசினார்கள், கடைசியில் இரண்டு தரப்பும் தங்கள் தங்கள் வாசலைத் துடைக்க ஆள் அனுப்பின. துடைத்த தரையில் கறைகள் அப்படியே கிடந்தன, ஒருவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

“உமக்கு மட்டும் ஏன்வே மூஞ்சி இன்னும் அப்படியே இருக்கு?” என்று காஜா மைதீன் கேட்டார்.

அதற்குக் காரணம் உண்டு. தரை துடைக்கத் தெரிந்தவன் உள்சுவரில் தொடங்கிப் பின்னால் நகர்ந்து வாசலுக்கு வருவான், துடைத்த இடத்தில் தன் கால் தடம் விழ விடமாட்டான். இருபத்தாறு வருடம் நான் ஈரத்தரையில் ஒரு தடவைகூட மிதித்ததில்லை. ஊரில் உள்ள அத்தனை பேரும் என் ஈரத்தில் நடந்தார்கள், நான் மட்டும் வாசலில் காய்ந்த இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூரணம் தன் வீட்டைத் தானே துடைப்பாள். என் மாப்பை நடையைத் தாண்டி உள்ளே விடமாட்டாள். அது எதைத் துடைத்துக்கொண்டு போகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், இப்போது நினைக்கிறேன். புரட்டாசியில் கணுக்கால் பிசகி இரண்டு நாள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குச் சோறு போட்டாள், போடும்போது அந்தச் சொல்லைச் சொன்னாள். இரண்டாம் நாள் காலையில்தான் நான் மூன்று வீடுகளில் மனுஷர்கள் லேசாகி எழுந்து போவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மூன்றாம் நாள், அவள் நொண்டிக்கொண்டு அடுப்படிக்குப் போன நேரம், கூடத்தைத் துடைத்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

அவள் சோற்றுத் தட்டோடு ஈரத்தில் நடந்து வந்தாள். தட்டை வைத்தாள். வாயைத் திறந்தாள். நான் தலையைக் குனிந்து காத்திருந்தேன்.

“உப்பு போதுமா?” என்றாள்.

அவள் எதையும் மறக்கவில்லை. உலகு பிறந்த நாள், இறந்த நாள், எந்த டாக்டர், எந்த வார்டு, எல்லாம் கேட்டால் சொல்வாள். பக்கத்துத் தெருக்காரர் வீட்டு விசேஷத்தைச் சொல்வதுபோலச் சொல்வாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பத்தொன்பது வருடம் பெட்டியில் நாப்தலீன் உருண்டை போட்டு வைத்திருந்த பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையையும் நீலப் பாவாடையையும் பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு எவர்சில்வர் வடிதட்டு வாங்கினாள். நான் வீட்டுக்கு வந்தபோது அதில் அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். “பெட்டியில எடத்தை அடைச்சுக்கிட்டு கெடந்துச்சு” என்றாள். நன்றாகத் தூங்கினாள். முகத்தில் சதை பிடித்தது. பிள்ளையின் திதி அன்று எஸ்தர் டீச்சரின் தங்கை மகள் வளைகாப்புக்குப் புறப்பட்டவள், வாசலில் நின்று, “நீங்க படையலைப் போட்டுருங்க, எனக்கு நேரமாச்சு” என்றாள். நான் இலையைப் போட்டுவிட்டு அதன்முன் தனியாக உட்கார்ந்திருந்தேன். பிள்ளை இல்லாத வீட்டில் அந்த இல்லாமையை வைத்துக்கொண்டிருந்தது நாங்கள் இரண்டு பேர். இப்போது நான் ஒருவன்.

அதன்பிறகுதான் உரிமத்தைத் திருத்தத் திரும்பவும் படி ஏறினேன்.

சுகாதார ஆய்வாளர் ஜெசிந்தா மேடம் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார். “பிழையான உரிமம்னு பதிவாயிட்டா, அதை வச்சுச் செஞ்ச வேலை எதுவும் செல்லாது, அண்ணாச்சி. எல்லாம் பழையபடி ஆயிரும். யோசிச்சுக்கோங்க.”

“அதுக்குத்தான் வந்திருக்கேன், மேடம்.”

“அப்ப தட்டச்சு செஞ்சவர் எழுதித் தரணும். ‘பிழை என்னால் நேர்ந்தது’ன்னு ஒரு வரி, கீழ ஒரு கையெழுத்து. வேற சான்று ஒண்ணும் வேண்டாம்.”

ஒரே ஒரு வரி. நான் வேலிக்கருவைக்குச் சான்று வாங்கியவன். ஆனால் கோமதிநாயகம் தரமாட்டேன் என்றார். எழுதிக் கொடுத்தால் மெமோ வரும், பதவி உயர்வு நிற்கும். ஐப்பசி முழுக்கக் கேட்டேன், கார்த்திகை முழுக்கக் கேட்டேன். என்னைக் கண்டால் கோப்பை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போவார். அவர் காலை நனைக்காதவர். எந்நேரமும் ஷூ போடுவார், அதனால் மனசாட்சி அவரிடம் இருந்தது, என்னைக் கண்டு ஒளிந்ததே அதற்குச் சாட்சி.

இதற்கிடையில் ஊரில் தண்ணீர் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வந்தது, ஒருவரும் காலிக் குடத்தோடு சாலையில் உட்காரவில்லை. குறைதீர்க்கும் நாள் என்று திங்கட்கிழமைதோறும் நகராட்சியில் பந்தல் போடுவார்கள், ஐந்நூறு பேர் வந்த இடத்தில் ஐம்பது பேர் வந்தார்கள், பிறகு ஐந்து பேர். ஆணையாளர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். திங்கட்கிழமை காலையில் அலுவலகம் முழுவதையும் நான்தான் துடைக்க வேண்டும் என்று உத்தரவு எழுதினார். நான் கேட்காமலே என் உரிமத்தை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக் கையில் கொடுத்தார். அதை வாங்கப் பதினோரு மாதம், அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு ஜன்னலும் அந்தக் கட்டடத்தில் இல்லை.

மார்கழியில் ஒருநாள் காஜா மைதீன் கடையில் கோமதிநாயகம் தனியாக மாட்டிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வடிதட்டைப் பற்றிச் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை, பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டு வடிதட்டு வாங்கியதையும், அவள் அதில் அரிசி கழுவியதையும் மட்டும் சொன்னேன். அவர் டீயைப் பாதியில் வைத்தார்.

“பிள்ளைக்கு என்ன பேரு?”

“உலகு.”

“திங்கக்கெழமை வாங்க, அண்ணாச்சி. எழுதித் தாரேன். மெமோ வந்தா வந்துட்டுப் போகுது.”

அந்தத் திங்கட்கிழமை நான் எட்டரை மணிக்கே போனேன். கையெழுத்தை வாங்கிவிட்டுத் துடைக்கலாம் என்றிருந்தேன், ஆணையாளர் மாடிப்படியில் நின்றார். “பத்து மணிக்கு மேலிடத்திலேர்ந்து வாராங்க, முதல்ல துடைங்க” என்றார். இருபத்தாறு வருடத்துப் பழக்கம், முதலில் துடை என்றால் என் கை முதலில் துடைக்கும். அன்றும் மண்டபத்தைக் கழுவிவிட்டுத்தான் போனேன், இங்கேயும் துடைத்தேன். சுகாதாரப் பிரிவின் ஜன்னல் சுவரில் தொடங்கி, கோமதிநாயகம் மேசையைச் சுற்றி, பின்னால் நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வந்து நிமிர்ந்தேன். அவர் ஜன்னலோரம் இருந்தார். நான் வாசலில் இருந்தேன். நடுவில் இருபதடி ஈரத்தரை பளபளத்துக் கிடந்தது.

அவர் கையில் காகிதத்தை உயர்த்திக் காட்டினார். எழுதிவிட்டார். “படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க, ஒங்க கண்ணு முன்னால கையெழுத்துப் போடுதேன்” என்றார்.

“காயட்டும் சார். அங்கேயே இருங்க” என்றேன்.

“ஒங்களை எவ்வளவு நாள் நிக்க வச்சுட்டேன்” என்று எழுந்தார். எழுந்தவர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்தார். புதிதாகத் துடைத்த தரையில் ஷூவோடு மிதித்தால் துடைத்தவனை மிதித்ததுபோல் ஆகும் என்று நம் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டல்லவா. அதுவரை அந்த மரியாதையை எனக்கு யாரும் செய்ததில்லை. அவர் ஷூவைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், இரண்டையும் நாற்காலிக்கடியில் ஒதுக்கிவைத்தார்.

“வேண்டாம் சார். ஷூவைப் போட்டுக்கிட்டு வாங்க. மிதிங்க, ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

“அதெப்படி, அண்ணாச்சி” என்று சொல்லிக்கொண்டே இறங்கி நடந்தார்.

முதல் நாலடி அவர் கண் என் மேல் இருந்தது, அதில் தண்ணீர் இருந்தது. நடுத்தரையில் நடை தளர்ந்தது. கையிலிருந்த காகிதத்தை யாரோ கொடுத்ததுபோல் பார்த்தார். வாசலுக்கு வந்தபோது முகம் தெளிந்திருந்தது, இப்போது தினமும் ஸ்கூட்டரில் நான் பார்க்கிற முகம்.

“என்ன அண்ணாச்சி, ஒங்களுக்கு என்ன வேணும்?”

“கையெழுத்து, சார்.”

அவர் நின்று வாசித்தார். “‘பிழை என்னால் நேர்ந்தது.’ அப்படி எதும் எனக்குத் தோணலியே. தோணாததுல எப்படிப் போட?” அன்பாகத்தான் சொன்னார். காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, தரை வழுக்குகிறது, பார்த்துப் போங்கள் என்றார்.

அன்றோடு மாப்பை மூலையில் வைத்துவிட்டேன். புதுக் குறைகள் முளைக்கும், அதோடு பழையதும் வரும் என்று பார்த்தேன். எண்ணெய் தடவிய கையில் பலாப்பால் ஒட்டாததுபோல, ஒருமுறை கால் நனைத்தவர்கள்மேல் ஒன்றும் ஒட்டவில்லை. திங்கட்கிழமைகளில் பந்தல் இன்னும் போடுகிறார்கள், நூறு நாற்காலி போடுகிறார்கள், நான் ஒருவன் போகிறேன். டோக்கன் கொடுக்கிற பெண் ஒவ்வொரு வாரமும் எனக்கு ஒன்றாம் எண்ணைக் கொடுக்கிறாள். மனுவை வாங்குகிறார்கள், முத்திரை வைக்கிறார்கள், சம்பந்தப்பட்ட எழுத்தருக்கு அனுப்புகிறார்கள். சம்பந்தப்பட்ட எழுத்தர் கோமதிநாயகம். பிழை எதுவும் காணப்படவில்லை என்று அழகாகத் தட்டச்சு செய்து அனுப்புகிறார். அதில் ஒரு எழுத்துப் பிழைகூட இருப்பதில்லை.

அந்தக் கையெழுத்தை நீரே போட்டுவிடலாமே என்று காஜா மைதீன் சொன்னார். எனக்கு வேண்டியது அவர் கையால் வருவது.

நேற்று மத்தியானம் பூரணம் என் எதிரில் உட்கார்ந்து ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். “எதுக்குங்க இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு? ஊரே நல்லா இருக்கு. நான் வேணா ஒங்க மாப்பை எடுத்து ஒரு சதுரம் தொடைக்கேன், காலை நனைச்சுக்கோங்க. ஒரு நிமிஷம் ஆவுமா?” என்றாள். சொல்லிவிட்டு மாப்பை எடுக்க எழுந்தும்விட்டாள்.

“எடுக்காதே” என்றேன்.

அவள் தோளைக் குலுக்கிவிட்டு அந்த வடிதட்டில் வடித்த சோற்றை என் தட்டில் வைத்தாள். உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். அவள் உள்ளே போனபிறகு, பருக்கையைப் பிசைந்துகொண்டே, யாருக்கும் கேட்காத சத்தத்தில், “அன்னைக்கும் மண்டபத்தைக் கழுவிட்டுத்தான வந்தீக” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு சாப்பிட்டேன். தினமும் அப்படித்தான் சாப்பிடுகிறேன்.

கோமதிநாயகம் எழுதிய காகிதம் என் டிரங்குப் பெட்டியில், உலகுவின் சட்டை இருந்த இடத்தில் இருக்கிறது. வரி அவர் கையால் எழுதியது. அடியில் பெயர் போட வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. அவர் ஓய்வுபெற இன்னும் மூன்று வருடம் உண்டு. அந்தக் கையெழுத்தை அவர் எனக்குத் தர வேண்டும். இன்னும் தரவில்லை.